ஜூலி இளைத்த கதை

இது உங்க நாயுங்களா அம்மிணி? தப்பா நினைச்சுக்கக் கூடாது, வயசுல பெரியவன் சொல்றேன், உங்க நாய் எடை அதிகம். உட்கார்ந்த இடத்துலயே எப்படி மூச்சு வாங்குது பாருங்க. மேல இருந்து பாத்தா நாய்க்கு இடுப்புன்னு ஒண்ணு தெரியோணும். இதுக்கு எங்க தெரியுது? தலகாணி மாதிரி ஒரே சீரா இருக்குது. லேசாத் தடவினாலே விலா எலும்பு விரல்ல தட்டோணும், அழுத்தித் தேடற மாதிரி இருக்கக் கூடாது. நானாச் சொல்றதில்லீங்க. உள்ள இருக்கறாங்களே லேடி டாக்டர், அவங்க சொல்லிக் குடுத்தது.

எங்க ஜூலியைப் பாருங்க. இந்தா, பெஞ்சுக்கு அடியில படுத்திருக்குது. லேப்ரடார் சாதின்னா இப்ப யாரும் நம்பறதில்லை. போன சித்திரையில நாப்பத்தொரு கிலோங்க. இதே ரூம்ல இதே மெஷின்ல ஏத்தினப்ப டாக்டரம்மா தலையில கை வச்சுக்கிட்டாங்க.

எப்படிக் குறைச்சேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சொல்றேன், நம்மளைக் கூப்பிட இன்னும் நேரமிருக்குது.

நான் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டையர் ஆனவன். அறுநூறு பசங்க. அறுநூறு பேருக்கும் அளவுச் சாப்பாடு. ஒருத்தன் தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்க முடியாது. வச்சா, அதைத் தின்னு முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கோணும். மெஸ்ஸுக்குப் பின்னாடி எச்சில் கொட்டற தொட்டியை நானே குச்சியை விட்டுக் கிளறிப் பாப்பேன். எவன் கொட்டினான்னு கண்டுபிடிச்சிருவேன். என் காலத்துல அந்த ஹாஸ்டல்ல வீணாப் போன சோறுன்னு ஒண்ணு கிடையாது. சோத்தை மதிக்காதவன் எதையும் மதிக்க மாட்டான், சரிதானுங்களே?

வீட்டுலயும் அதே சட்டம்தான். எங்க வீட்டுக்காரி பேரு தமயந்தி. அவ அதுக்குப் பழகிட்டா. அவளைப் பத்தி ஒரு குறை சொல்ல மாட்டேன். சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வரும். நான் சாப்பிட்டுக் கை கழுவி, பேப்பரை எடுத்துட்டு முன்னால போய் உட்கார்ந்தப்பறம் அவ சாப்பிடுவா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். நான் அப்படிச் செய்யச் சொன்னதில்லீங்க, அவளா வச்சுக்கிட்ட பழக்கம்.

ஜூலி எங்க பொண்ணு வாங்கினது. ஹேமலதான்னு ஒரே பொண்ணு, ஓசூர்ல வேலை. பிளாட்ல நாய் வச்சுக்க விட மாட்டேங்கறாங்கன்னு கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டா. தமயந்திக்கு அதோட ஒரே கொஞ்சல். காலையில பால்ல தொட்டு ரொட்டி, மத்தியானம் தயிர்ச் சோறு, சாயங்காலம் அவ டீ குடிக்கறப்ப பிஸ்கட்டு. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அதுக்கு. நாய் உருண்டை ஆகாம என்ன பண்ணும்? மாடிப்படி ரெண்டு ஏறினா உட்கார்ந்துக்கும்.

டாக்டரம்மா சொன்னாங்க, "சார், இப்படியே விட்டா மூட்டு போயிரும், இதயம் தாங்காது. மெதுவாக் குறைக்கலாம். ஒரேயடியா நிறுத்தீராதீங்க. சோத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, பூசணிக்கா, சுரைக்கா, கேரட்டு வேக வச்சுச் சேருங்க. வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்கும். டம்ளர்ல அளந்து போடுங்க. காலையும் சாயங்காலமும் நடத்துங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கொண்டாந்து எடை பாருங்க."

சின்னப் பொண்ணு. இரக்கப்பட்டுப் பேசுது. எனக்குத் தெரியாதா? மெதுவாக் குறைச்சா எவனும் திருந்த மாட்டான். அன்னைக்கே பாதியாக் குறைச்சேன்.

தமயந்தி கிட்ட சொன்னேன், "இன்னைக்கிருந்து இதுக்கு நான்தான் சாப்பாடு போடுவேன். நீ ஒரு வாய் குடுக்கக் கூடாது. அளவை நான் பாத்துக்கறேன்."

"சரிங்க"ன்னா.

அவ்வளவுதான். அவ கிட்ட ரெண்டாவது தடவை சொல்ல வேண்டிய வேலையே இருக்காது.

நல்லாத்தான் ஆரம்பிச்சேன். ஒரு டம்ளர் சோறு, மேல சுரைக்கா. கால் மணி நேரம் வைப்பேன், தின்னா தின்னட்டும், இல்லைன்னா எடுத்துருவேன். காலையில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடை. அது நடுரோட்டுல படுத்துக்கும், நான் இழுத்துக்கிட்டே போவேன். நாலு பேரு பாப்பாங்க, பாக்கட்டும். வீட்டுக்கு வந்தா அடுப்படி வாசல்ல போய் நின்னு வாலை ஆட்டும். இதை முறிக்கோணும்னு ஒரு வழி பண்ணினேன். ஹாஸ்டல்ல தப்புப் பண்ணின பையனை மெஸ்ல நிறுத்தி மத்தவங்க சாப்பிடறதைப் பாக்க வைப்பேன். அதே மாதிரி, நான் சாப்பிடற நேரத்துல ஜூலியை எதிர்ல ஜன்னல் கம்பியில கட்டிப் போட்டேன். கறிக்குழம்பு அன்னைக்குக்கூட. மொதல்ல கத்துச்சு. அப்பறம் எச்சி ஒழுக நின்னுச்சு. அப்பறம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துருச்சு. பாத்தீங்களா, ஒரு மிருகத்துக்கே ஒழுக்கம் வருது!

தமயந்தி பரிமாறிக்கிட்டே, "பின்னால கட்டிப் போடட்டுங்களா? பாவமா இருக்குதுங்க" அப்படின்னா. "உன்ற பாவம்தான் அதை நாப்பத்தொரு கிலோ ஆக்குச்சு"ன்னேன். ரசத்தை ஊத்தினா.

ஆனா பாருங்க அம்மிணி, எடை குறையலை. ரெண்டு மாசம் கழிச்சு மெஷின்ல ஏத்தினா, அரைக் கிலோ கூடியிருக்குது! எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த ஹால்ல இத்தனை பேரு முன்னாடி! டாக்டரம்மா, "நீங்க சொல்ற அளவுதான் போடறீங்கன்னா இளைச்சிருக்கோணுமே சார். வேற எங்கயோ சாப்பாடு கிடைக்குது. வீட்டுல இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க"ன்னாங்க.

வீட்டுல யாரு இருக்கறா? நானும் அவளும். அவ என் பேச்சைத் தாண்ட மாட்டா. அதனால வெளி ஆள்தான்னு முடிவு பண்ணினேன். மேல் வீட்டுல குடியிருக்கறவங்க மீன் தலையைப் போடறாங்களான்னு போய்க் கேட்டேன். அந்தம்மா சண்டைக்கு வந்துருச்சு, இன்னைக்கு வரைக்கும் பேச்சில்லை. எதிர் வீட்டுக் குழந்தை கேட் வழியா எதையோ நீட்டுச்சுன்னு கேட்டுல தகரம் அடிச்சேன். ஜூலிக்கு மூஞ்சிக்கூடு வாங்கிப் போட்டேன், சோத்துக்கும் தண்ணிக்கும் மட்டும் கழட்டுவேன். அந்த ஒரு டம்ளரையும் அரை டம்ளர் ஆக்கினேன். கூட்டைக் கழட்டின நேரத்துல அது செடித்தொட்டி மண்ணைத் தின்னுச்சு. ஆட்டுக்கல்லை நக்குச்சு. மண்ணைத் தின்ன வாயில ஒரு போடு போட்டேன். ஆனா எடை மட்டும் இறங்க மாட்டேங்குது!

தமயந்திதான் அந்த மாசங்கள்ல நல்லா இளைச்சா. கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் கேப்பாங்க, "என்னக்கா, ஆளு பாதியாயிட்டீங்க?" நான்தான் பதில் சொல்லுவேன், "எங்க வீட்டுல இப்ப டயட்டு. நாய்க்கு ஆரம்பிச்சது, அம்மாவுக்குப் பலிச்சிருச்சு." எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதானுங்க. ஜாக்கெட்டெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுக்கிட்டிருந்தா. அவளைப் பாத்தாவது இந்த நாய் திருந்தக் கூடாதான்னு நினைப்பேன்.

புரட்டாசியில ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுட்டு பேங்குக்குக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போயிட்டேன், கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்தேன். முன்வாசல் தாழ் போட்டிருந்துச்சு. பின்பக்கமா, துணி தொவைக்கற கல்லுக்கிட்ட போனா அடுப்படி ஜன்னல். உள்ள பாக்கறேன்.

தமயந்தி கீழ உட்கார்ந்திருக்கறா. மடியில தட்டு. எதிர்ல ஜூலி, மூஞ்சிக்கூடு கழட்டித் தரையில கிடக்குது. இவ சோத்தை நல்லாப் பிசைஞ்சு உருட்டறா. ஒரு உருண்டையைத் தன் வாய்கிட்ட கொண்டு போறா. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருக்கறா. அப்பறம் அதை ஜூலி வாய்ல வைக்கறா. அடுத்த உருண்டை, அதுவும் ஜூலிக்கு. தட்டு முழுக்க அப்படியே. கடைசியில தட்டையும் நக்க விட்டுட்டு, ஒரு சொம்புத் தண்ணியை எடுத்துக் குடிச்சா. குடிக்கறதைக்கூட மொடக்கு மொடக்கா, நெஞ்சைத் தடவிக்கிட்டே குடிச்சா.

அறுநூறு பசங்களைப் பிடிச்சவன் நான். சொந்த வீட்டுல, அதும் எத்தனை மாசமா!

உள்ள போனேன். கை ஓங்கலீங்க. எனக்கு அந்தப் பழக்கமில்லை. "இதுக்குத்தான் எடை குறையலையா? எல்லாரையும் சந்தேகப்பட வச்சியே, என்னை ஊருக்குள்ள முட்டாளாக்கினியே"ன்னு கத்தினேன்.

தமயந்தி நிமிர்ந்து பாத்தா. "நான் என் பங்கைத்தானுங்க குடுத்தேன். உங்க அளவுல கை வைக்கலை."

எதிர்த்துப் பேசறா பாருங்க! முப்பத்தஞ்சு வருசத்துல முதல் தடவை.

"உன் பங்கு உன் வயித்துக்கு. நாளையில இருந்து நீ என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடற"ன்னேன்.

மறுநாள் இருந்து அப்படித்தான். ஜூலியைப் பின்னால கட்டிப் போட்டுட்டு, அவளை எதிர்ல உட்கார வச்சு, நானே சோறு போட்டேன். தட்டு காலியாகற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அவ ஒரு வாய் வைப்பா. மெல்லுவா, மெல்லுவா, மென்னுக்கிட்டே இருப்பா. முழுங்க மாட்டா. கண்ணுல தண்ணி வரும். "முழுங்கு"ம்பேன். "இறங்கலீங்க"ம்பா. நாய்க்குக் குடுக்க விடலைன்னு வீம்பு. நான் எத்தனை வீம்பைப் பாத்திருக்கறேன்! உண்ணாவிரதம் இருந்த பசங்களையே சாப்பிட வச்சவன். "நீ முழுங்கற வரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்"னு எதிர்ல உட்கார்ந்துக்குவேன். தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு, நெஞ்சைக் குத்திக் குத்தி முழுங்குவா. முழுங்கினதும் ஓடிப் போயி வாந்தி எடுப்பா. ஒருக்கா நடு வாசல்லயே எடுத்துட்டா. ஜூலி எப்படியோ கயித்தை அத்துக்கிட்டு வந்து அதை நக்குச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல வெறகுக் கட்டையால முதுகுல போட்டேன் ஒண்ணு. தமயந்தி, "அதை அடிக்காதீங்க, என்னை வேணா அடிங்க" அப்படின்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு ரெண்டும் அழுகுது. பாக்கறவங்க நான் ஏதோ கொலை பண்ணின மாதிரி நினைப்பாங்க.

அந்த வாரமே குளிக்கப் போனவ விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு, "எத்தனை நாளா இவங்க சரியாச் சாப்பிடலை?"ன்னார்.

"நல்லாத்தானுங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தா, இப்ப ஒரு வாரமாத்தான் வீம்பு"ன்னேன்.

"காலையில என்ன சாப்பிடுவாங்க? எத்தனை இட்லி?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் சாப்பிட்டு எந்திரிச்சப்பறம் அவ சாப்பிடறா. யாராவது பொண்டாட்டி தின்ன இட்லியை எண்ணிக்கிட்டு இருப்பாங்களா? "எங்க வீட்டு நாய் என்ன சாப்பிடுதுன்னு கேளுங்க, சொல்றேன்"னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அந்த டாக்டர் என்னை ஒரு மாதிரி பாத்தார். தமாஷ் தெரியாத மனுசன்.

கொழாய் விட்டுப் பாத்தாங்க. உணவுக்குழாய்ல கட்டி. நெஞ்சுக்கு நேரா, பாதை முழுக்க அடைச்சிருச்சு. கெட்டியா எதுவும் இறங்காது, தண்ணி மட்டும் இறங்கும், இனிமே அதுவும் இறங்காதுன்னாங்க. ஆறேழு மாசத்துக்கு முன்னால வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னாங்க. டாக்டருங்க எல்லாருக்கும் அதைத்தானுங்களே சொல்றாங்க?

தமயந்தி கிட்டக் கேட்டேன். "ஏன் புள்ள சொல்லலை? நான் என்ன புலியா, கரடியா?"

அவ சொன்னா, "சோறு மிச்சம் வச்சா ஏன்னு கேப்பீங்க. கொட்டினாலும் பாத்துருவீங்க. ஜூலிதான் பசியா இருந்துச்சு. அது தின்னுச்சுங்க."

இதைக் கேட்டதும் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது அம்மிணி. உங்க கிட்டத்தான் சொல்றேன், வேற யாரு கிட்டயும் சொல்லலை. என் அளவு சரியாத்தான் இருந்திருக்குது! அரை டம்ளர் சோறும் சுரைக்காயும் போட்டா எடை இறங்கியிருக்கும். இவ ஒரு ஆள் சோத்தை அது வயித்துல தள்ளினதாலதான் இறங்கலை. தப்பு என் பக்கமில்லை, ஜூலி பக்கமும் இல்லை. அந்த நிமிசம் மனசுல ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

வயித்துல ஓட்டை போட்டுக் கொழாய் வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கஞ்சித் தண்ணி, பால், இளநி, எல்லாம் ஊசிக்கொழாய்ல அளந்து ஏத்தோணும். நர்ஸ் வைக்கலீங்க. நானே பண்ணினேன். நேரம் தப்பினதில்லை, ஒரு சொட்டு சிந்தினதில்லை. வந்து பாத்த நர்ஸம்மாவே, "இவ்வளவு சுத்தமா யாரும் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. தமயந்தி கூரையைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பா. ஒருக்கா, "நாக்குல துளி ஊறுகா வைங்க, முழுங்க மாட்டேன், துப்பிடறேன்"னு கேட்டா. டாக்டர் சொல்லாததை நான் எப்படிக் குடுப்பேன்? குடுக்கலை.

ஜூலி கட்டிலுக்கடியில வந்து படுத்துக்கும். நோய்க்காரி ரூமுக்குள்ள நாய் முடி ஆகுமா? வெளிய கட்டிப் போட்டேன். மகள் வந்தவ, முதல் வேலையா அதை அவுத்துக் கூட்டிட்டு வந்து அவங்கம்மா கைக்குக் கீழ படுக்க வச்சா. தமயந்தி கை அது தலை மேலயே கிடந்துச்சு. நான் ஏதோ சொல்ல வந்தேன். ஹேமா என்னைப் பாத்து, "அப்பா, வெளிய போய் உட்காருங்க" அப்படின்னா. பெத்த அப்பனை! துக்கத்துல பேசறான்னு நான் பொறுத்துக்கிட்டேன்.

தை பொறந்து நாலு நாள்ல தமயந்தி போயிட்டா. தூக்கறப்ப ஒரு பாரமே இல்லை. தூக்கினவங்களே சொன்னாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு கிளம்பறப்ப ஹேமா, "ஜூலியை நான் கொண்டு போறேன். வேற வீடு பாத்துட்டேன், நாய் வச்சுக்கலாம்"னா. கயித்தைக் கையில பிடிச்சுட்டா. நான் விடலீங்க. அவ என்ன பண்ணுவா? கேக்கு, சீஸு, சிப்ஸு எல்லாம் குடுப்பா. ஒரே மாசத்துல பழையபடி நாப்பது கிலோ! அத்தனை பாடும் வீணாப் போயிருமுங்களே! "இது இங்கதான் இருக்கும்"னு சொல்லிக் கயித்தை வாங்கிக்கிட்டேன். "அம்மா உங்க கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லைப்பா. இதை மட்டும் அவ கேட்டா. ஜூலியை நீ கூட்டிட்டுப் போயிருன்னு என் கிட்டச் சொன்னா"ன்னு அழுதா. கடைசி நேரத்துல மருந்து மயக்கத்துல ஆயிரம் பேசுவாங்க. நாமதான் நிதானமா இருக்கோணும். அப்பறம் அவ போன் பண்றதில்லை. வேலை ஜாஸ்தி போல.

தமயந்தி படுத்திருந்த மாசங்கள்ல வந்து போறவங்க எதையாவது போட்டுருவாங்க, அளவு நிக்கலை. அதுக்கப்பறம் பாருங்க, எடை எப்படி இறங்குச்சுன்னு! முதல் மாசம் ஆறு கிலோ. அடுத்த மாசம் இன்னும் அஞ்சு. டாக்டரம்மா சொன்ன முப்பதுக்கு வந்தாச்சு. நேத்து வீட்டு மெஷின்ல பாத்தேன், இருபத்தாறு. முப்பதையும் தாண்டிப் போயிட்டோம்! அதைக் காட்டத்தான் இன்னைக்கு வந்தேன். கூடவே ஒரு விசயம் கேக்கோணும். ஒரு வாரமா அந்த அரை டம்ளரையும் தொட மாட்டேங்குது. தட்டை வச்சா மோந்து பாத்துட்டு அடுப்படி வாசல்ல போய்ப் படுத்துக்குது. கால் மணி நேரம் பாத்துட்டு எடுத்துருவேன். பல்லுல ஏதாவது இருக்குமோ என்னவோ.

என்னங்க, ரொம்ப மெலிஞ்சு தெரியுதா? சரியான எடையில ஒரு நாயை நீங்க பாத்ததில்லை, அதான் அப்படித் தெரியுது. ஊரெல்லாம் குண்டு நாய்ங்களையே பாத்துப் பழகிட்டோம்.

பையில என்ன எடுக்கறீங்க? சப்பாத்தியா? உங்க நாய் எடை அதிகம்னு இப்பத்தானே சொன்னேன். அட, எங்க ஜூலிக்கா? அது திங்காதுங்க. ஒரு வாரமா எதையும் தொடலைன்னு சொல்றேன்.

அட.

எந்திரிச்சுருச்சே! வீட்டுல கூப்பிட்டா காதை அசைக்காது. உங்க மடியில தலையை வைக்குது பாருங்க, என்னமோ தெரிஞ்சவங்க மாதிரி. இல்லீங்க, வேணாம். வேணாங்கறேன், குடுக்காதீங்க. அட, வாயில வச்சுட்டீங்களே! என்ன அம்மிணி நீங்க, படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க! இன்னும் ரெண்டு நிமிசத்துல மெஷின்ல ஏத்தோணும்.

ஜூலி. இங்க வா. வாயைத் தொற.

தொற.

பாத்தீங்களா? தொறந்துருச்சு. ஒரு உறுமல் கிடையாது, ஒரு முறைப்பு கிடையாது. முழுங்காம அப்படியே நாக்கு மேல வச்சிருக்குது. இந்தாங்க, எடுத்துட்டேன். உங்க சப்பாத்தி. கொஞ்சம் ஈரமாயிருச்சு, தொடைச்சுக்குங்க.

கூப்பிடறாங்க, எங்களைத்தான். எதுக்கு அம்மிணி அழுகறீங்க? நாய்க்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்குது. எந்திரி ஜூலி. எந்திரிங்கறேன். சரி, இரு, தூக்கிக்கறேன். இப்பெல்லாம் ஒரு கையிலயே தூக்கிருவேனுங்க.